கட்டாமல் விட்ட மூங்கில்

செல்லாயி பிரம்பு கிழித்துக்கொண்டிருந்தாள். நுனியில் கத்தியை ஏற்றி ஓர் இழுப்பு. நேராகப் பிரிய வேண்டும். அன்று கையில் கோபம் இருந்தது. பாதிப் பிரம்பு வீணாய்ப் போனது.

ரப்பர் விலை விழுந்து மலாயாத் தோட்டத்தில் ஆள் குறைத்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம், அவளும் புருஷன் சன்னாசியும் இந்தக் காட்டு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பால் வெட்டிய கை பிரம்பு கிழிக்கப் பழகியது. ஆண்கள் மரங்களைப் பிரம்பால் பிணைத்து, தெப்பமாக்கி, கீழே ஈயச் சுரங்கங்களுக்கு ஓட்டிப்போனார்கள். சத்தமே போடாத ஆறு. ஆனால் இரும்பாய்க் கனக்கும் செங்கால் மரம் தானாக மிதக்காது. இரு பக்கமும் மூங்கில் கட்டினால்தான் மேலே நிற்கும்.

போன வாரம் சன்னாசியின் தெப்பம் ஆற்று வளைவில் முங்கியது. பின்னால் நின்ற கூட்டாளி உடையப்பன் மரத்தடியில் சிக்கிச் செத்தான். சம்சுச் சாராயம் குடித்துத் தடுமாறி விழுந்தான் என்று சன்னாசி, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சின்னையாவிடம் சொல்லிவிட்டான். குடிகாரன் பெண்டாட்டிக்குக் கூலி வீட்டில் இடமில்லை, நாளைக்கே காலி பண்ணு என்று மண்டோர் உத்தரவு போட்டுவிட்டார்.

பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம், உடையப்பன் மனைவி முத்தம்மா சட்டிபானைகளைச் சாக்கில் போடும் சத்தம்.

"கேக்குதா? மூட்டை கட்டுறா" என்றாள் செல்லாயி.

சன்னாசி சோற்றிலிருந்து தலை தூக்கவில்லை. "மெதுவா பேசுடி."

"ஏன் மெதுவா? அன்னிக்குக் கரையில நானும்தான் இருந்தேன். 'மச்சான், மூங்கில் கட்டிட்டுப் போலாம்'னு அந்த அண்ணன் கெஞ்சுச்சு. 'மலாய்க்காரன் தெப்பம் முந்திரும், பொம்பள மாதிரி பயந்து சாவாதே'ன்னு சிரிச்சது யாரு?"

"ஆத்து வேலையில நடக்கிறதுதான்லா."

"கட்டாம விட்ட மூங்கில தூக்கியாந்து கோழிக்கூடு கட்டுனியே, அதுவும் ஆத்து வேலையா? கோழி சொகமா இருக்கு. முத்தம்மா அக்கா எங்கய்யா போகும்?"

"உள்ளதச் சொன்னா நாளைக்கு நாமளும் மூட்டை கட்டணும்."

அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஆத்திரம் அவன்மேல் மட்டும் இல்லை.

கத்தியைக் கீழே வைத்தாள். "மண்டோர் வீட்டுலதான் இருக்காரு. நீ வந்து சொல்றியா, நான் போயி சொல்லட்டா?"

சன்னாசி பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான்.

செல்லாயி மடியிலிருந்த பிரம்புச் சிராய்களை உதறினாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு வெளியே போனாள்.