அசர்பியின் இடது காது

அன்று காலை லாலுராம் அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இதை எழுதும் வேலையே எனக்கு இருந்திருக்காது.

காட்டை ஒட்டிய விடுதி அவருடையது. ஆறு மண் குடிசை, ஒரு சமையல்கட்டு, ஒரு பழைய ஜீப். காட்டுக்குள் நடக்க வரும் விருந்தாளிகளை அசர்பியும் நானும்தான் கூட்டிப் போவோம். அசர்பி முன்னால், விருந்தாளிகள் நடுவில், நான் கடைசியில். கையில் ஆளுக்கொரு மூங்கில் தடி. வேறு ஆயுதம் எங்களுக்குக் கிடையாது. முன்னால் போகிறவர் காதை நம்பித்தான் பின்னால் வருகிறவர்கள் உயிர் இருக்கிறது.

பனி விலகாத நேரம். நான் அடுப்பருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் குந்தினார்.

"சுக்னி, மறைக்காம சொல்லு. அசர்பிக்குக் காது கேக்குதா இல்லையா?"

"ஏன் அண்ணே இப்படிக் கேக்குறீங்க?"

"போன வாரம் ஆத்தங்கரையில காட்டுக்குக் காவல் நிக்கிற ஆர்மிக்காரன் மூணு தடவ கூப்பிட்டிருக்கான். இது திரும்பியே பாக்கலியாம்."

"ஆர்மிக்காரன் கூப்பிட்டா எந்தப் பொம்பள திரும்புவா?"

அவர் சிரித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. "இன்னைக்குக் காட்டுக்குள்ள வர்ற அம்மாவுக்கு முட்டி வலி. ஏதாவது துரத்தினா மரம் ஏற மாட்டாங்க. அதனாலதான் கேக்குறேன். உன் வார்த்தைய நம்பித்தான் அனுப்புறேன்."

"நல்லாக் கேக்குது அண்ணே," என்றேன். நாக்கு கூசவில்லை.

அசர்பிக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். தெரிந்தும் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எங்கள் தாரு இனத்து ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அசர்பி எனக்கு மிதினி, சடங்கு செய்து சேர்த்துவைத்த தோழி. எனக்குப் பதினாறு, அவருக்குப் பதினேழு நடக்கும்போது, இரண்டு பேருக்கும் முன்பல் ஒரே மாதிரி இடைவெளி விட்டிருக்கிறது என்று சொல்லி, ஊர்ப் பூசாரியை வைத்து எங்களுக்குப் பொட்டிட்டு மாலை மாற்றிவிட்டார்கள். அதன்பிறகு கூடப்பிறந்தவளைவிட ஒருபடி மேல். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நீ, வா, போ கிடையாது. சண்டை கிடையாது. முக்கியமாக, மிதினியின் குறையை மூன்றாம் ஆளிடம் வாய்திறக்கக் கூடாது. இங்கே நான் பெயரை எழுதுவதுகூட அவர் அனுமதி கொடுத்த பிறகுதான்.

அசர்பியை ஒன்பது வயதில் ஒரு பெரிய வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிட்டார்கள். எங்கள் புத்தாண்டான மாகி பண்டிகைக்கு மறுநாள், புதுப் பாவாடையோடு பஸ் ஏற்றினார்கள். ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது எங்களுக்கெல்லாம் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. யார் எந்த அறையில் என்ன மனநிலையில் நடக்கிறார்கள் என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் பின்னால் காட்டில் சோறு போட்டது. எங்கள் பக்கத்தில் வழிகாட்டித் தேர்வு எழுதித் தேறிய முதல் பெண் அவர். ஆண்கள் கேலி செய்தார்கள். புலியைப் பார்த்தால் அடுப்புக்கு விறகு கேட்பாளோ என்றார்கள். ஒரே வருடத்தில், அசர்பி போனால்தான் நாங்கள் வருவோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் கடிதம் எழுத ஆரம்பித்ததும் கேலி அடங்கியது.

அவர் கணவர் கத்தாரில். மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். போன வருடம் குளிர்காலத்தில் கோதுமை வயலுக்குள் யானை இறங்கியது. பரணில் காவல் இருந்த அசர்பி வெடி கொளுத்தினார். அது கையை விட்டுப் போவதற்குள் காதருகே வெடித்தது. ஒரு வாரம் தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு இருந்தார். துணியை அவிழ்த்ததும் வேலைக்கு வந்துவிட்டார்.

இடது பக்கம் மான் கத்தியதற்கு அவர் திரும்பாத அன்றே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கெருவா ஆற்றில் சின்னக் கூழாங்கற்களாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இடதில் சத்தம் கேட்டால் அவர் தோளில் ஒரு கல் எறிவேன். முதல் கல் பட்டதும் அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், முறை ஏற்பட்டுவிட்டது. ஒரு கல் என்றால் நில், இரண்டு கல் என்றால் பின்வாங்கு. ஒரு வருடம் இப்படியே ஓட்டினோம். இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அதில் பெருமை வேறு. மிதினி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். முட்டாள்தனத்துக்குப் பெருமை என்று பெயர் வைத்துக்கொண்டால் அது வெகுநாள் ஓடும்.

அன்று வந்தவர்கள் காத்மாண்டுவிலிருந்து. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஷாக்யா ஐயாவும் அவர் மனைவியும். முந்தின நாள் சாயங்காலம் நத்தைக் குழம்பை உறிஞ்சத் தெரியாமல் அந்த அம்மா சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஐயா முதுகில் கேமராப் பை, கழுத்தில் இரண்டு கேமரா.

காட்டு எல்லையில் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டோம். அசர்பி வழக்கம்போல விதிகளைச் சொன்னார். "சத்தம் போடக் கூடாது. காண்டாமிருகத்துக்குக் கண்ணு மட்டம், காது கூர்மை. அது ஓடி வந்தா மரத்துக்குப் பின்னாடி போயிடுங்க. புலிய நேருக்கு நேராப் பாத்துக்கிட்டே பின்னால நகரணும். ஓடவே கூடாது."

"யானை வந்தா?" என்றார் ஐயா.

"அப்ப என்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. ஓடுங்க."

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் சொன்ன முட்டி வலி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு பத்தடிக்கும் தடியை ஊன்றி நின்றார். எதையாவது கண்டு ஓடுவதென்றால் இவர் எப்படி ஓடுவார்? பையில் கைவிட்டுக் கற்களை எண்ணினேன். ஒன்பது இருந்தது.

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. புள்ளிமான், ஆற்றோரம் புலிக் கால்தடம், பழசு. வெயில் ஏறியதும் வறண்ட ஓடையை ஒட்டிய யானைப்புல்லுக்குள் பாதை நுழைந்தது. புல் ஆளைவிட உயரம். காற்று வலமிருந்து இடமாக அடித்தது. எங்கள் வாடை இடது பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேட்டேன். இடது பக்கம், இருபதடிக்குள், புல்லை மென்றுகொண்டிருந்த சத்தம். அது பாதியில் நின்றது. பிறகு காண்டாமிருகக் குட்டி ஒன்று கீச்சென்று மெல்லக் கத்தியது.

குட்டியோடு இருக்கும் காண்டாமிருகம் எச்சரிக்கை கொடுக்காது. நான் கல்லை எறிந்தேன். அதே நொடியில் ஐயா ஏதோ பறவையைப் படம் எடுக்க இடது பக்கம் ஒரு எட்டு வைத்தார். கல் அவர் பிடரியில் பட்டது.

"என்னம்மா இது, என் மேல கல்லு எறியிற?" என்று சிரித்துக்கொண்டே உரக்கக் கேட்டார்.

அசர்பி அவர் குரல் கேட்டுத் திரும்பினார். ஐயா சிரிப்பதைப் பார்த்து, ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். உதட்டில் விரல் வைத்துக் கண்டித்துவிட்டு, முன்னால் இரண்டு எட்டு வைத்தார். பாதை அங்கே குட்டி இருந்த பக்கம் வளைந்தது. அம்மா அவர் பின்னாலேயே போனார்.

இரண்டாவது கல் குறி தவறிப் புல்லுக்குள் போயிற்று. மூன்றாவதை எடுப்பதற்குள் புல் நுனிகள் அசைந்தன. மூச்சைச் சீறி விடும் சத்தம்.

"அசர்பி!" என்று கத்தினேன். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் என் வாயில் வந்தது.

அவருக்குக் கேட்டது. ஆபத்து என்று புரிந்தது. சட்டென்று வலது பக்கம் திரும்பி, அங்கேதான் மிருகம் இருப்பதாக நினைத்து, அம்மாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு இடது பக்கமாகப் பின்வாங்கினார். நேராக அதன் வாய்க்கு. ஒரே காதால் கேட்கிறவர்களுக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. அதை நான் அந்த நொடியில்தான் தெரிந்துகொண்டேன். ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

யோசிக்க நேரமில்லை. அவர்களைத் தாண்டி ஓடைப் பக்கம் ஓடி, விழுந்து கிடந்த மரத்தின் மேல் தடியால் ஓங்கி ஓங்கி அடித்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கெட்ட வார்த்தைகள்தான் என்று ஐயா பின்பு சொன்னார்.

புல் பிளந்தது. அது அவர்கள் பக்கமிருந்து என் பக்கம் தலையைத் திருப்பியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒரு சுவர் வந்து என்மேல் சாய்ந்தது போல் இருந்தது. ஓடை மணலில் போய் விழுந்தேன். கொம்பு படவில்லை, தோள்தான் இடித்தது. அதற்கே காறை எலும்பும் மூன்று விலாவும் போயின. குட்டி தாயின் பின்னால் ஓடுவது மணல் மட்டத்தில் தெரிந்தது. நாலு குட்டைக் கால்கள்.

அசர்பி அம்மாவை இலவமரத்துக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சத்தம் ஓய்ந்ததும் அவரை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த நிலையிலும் பேசாமல் இருக்க எங்களால் முடிந்தது.

மத்தியானம் சுகாதார நிலையத்தில் என்னைக் கட்டிலில் போட்டு மார்பைச் சுற்றிக் கட்டினார்கள். லாலுராம் அண்ணன் வந்தார். ஐயாவும் அம்மாவும் சுவரோரம் நின்றார்கள். அசர்பி என் கால்மாட்டில்.

"இருபதடியில நின்னுருக்கு. முன்னால போனவங்களுக்கு எப்படிக் கேக்காமப் போச்சு?" என்றார் அண்ணன்.

மூச்சு விட்டால் குத்தியது. இருந்தும் சொன்னேன். "காத்து அப்படி அடிச்சுது அண்ணே. யாருக்கும் கேட்டிருக்காது."

"உனக்குக் கேட்டிருக்கே."

"எனக்கும் கடைசியிலதான் கேட்டுது."

"காலையிலயும் இதே மூஞ்சியோடதான் நல்லாக் கேக்குதுன்னு சொன்ன."

அசர்பி நிமிர்ந்தார். "காலையிலயா? என்ன சொன்னாங்க?"

அண்ணன் சொன்னார். அசர்பி முழுவதும் கேட்டார், வலது காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. பிறகு, "எனக்கு இடது காது கேக்காது. வெடி வெடிச்ச நாள்ல இருந்து," என்றார். கஞ்சி கொதித்துவிட்டது என்று சொல்வது போல் அத்தனை சாதாரணமாக. அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து அவர் என்னிடம் திரும்பினார். மிதினியிடம் கோபப்படக் கூடாது என்பதையெல்லாம் அவர் தாண்டிவிட்டிருந்தார்.

"சொல்லாதீங்கன்னு நான் எப்பவாவது உங்ககிட்டக் கேட்டேனா?"

"கேக்கல."

"நீங்களாத்தான் கல்லு எறிய ஆரம்பிச்சீங்க. நான் ஒவ்வொரு நாளும் நினைச்சேன், இன்னைக்குக் கேப்பாங்க, காதுக்கு என்னன்னு. கேட்டா சொல்லிடலாம், சொல்லிட்டு முன்னால நடக்கிறத விட்டுடலாம்னு. நீங்க கேக்கவே இல்ல. இவ்வளவு பாடு படுறாங்களே, இவங்க பாட்ட நாம வீணாக்கலாமான்னு நானும் நடந்தேன். அந்தம்மா செத்திருந்தா? நீங்க செத்திருந்தா?"

எனக்கு அழுகை வந்தது. அழுதால் விலா வலித்தது. வலித்ததால் இன்னும் அழுதேன். நான் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியது எதை என்று எனக்கே விளங்கவில்லை.

அசர்பி அன்றோடு காட்டுக்குள் நடப்பதை விட்டார். அண்ணன் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. விருந்தாளிகளைக் கவனிப்பதும், சாயங்காலம் எங்கள் பெண்கள் ஆடும் தடியாட்டத்தை நடத்துவதும், புதுப் பெண்களுக்குக் கால்தடம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் இப்போது அவர் பொறுப்பு. முன்னால் நடக்கும்போது இருந்த முகம் இப்போது அவருக்கு இல்லை. அது எனக்குத் தெரியும், வலிக்கிறது. இரண்டு மாதம் அவர்தான் எனக்குத் தலைவாரிவிட்டார், சோறு ஊட்டினார். ஆனால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எலும்பு கூடியதும் அண்ணன் என்னை முன்னால் போகச் சொன்னார். முதல் நாள் விருந்தாளிகள் நாலு பேர், பின்னால் வர ஒரு புதுப் பெண், வாசலில் சமையல்காரர், ஜீப் ஓட்டுநர் எல்லோரும் நின்றிருந்தார்கள். அசர்பி உள்ளேயிருந்து வந்தார். என் தடியை வாங்கிப் பார்த்து, விரிசல் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, தெருமுனை வரை கேட்கிற மாதிரி சொன்னார்.

"இவங்களுக்கு வெளிச்சம் இறங்கினா வலது கண்ணு மங்குது. ரெண்டு வருஷமா மறைக்கிறாங்க. நாலு மணிக்கு மேல முன்னால நடக்க விடாதீங்க."

அதை நான் என் வீட்டில்கூடச் சொன்னதில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அண்ணன், "அப்படியா?" என்றார்.

"ஆமா அண்ணே," என்றேன்.

மூன்றரைக்கெல்லாம் திரும்பிவிட்டோம்.