வேலியில் தொங்கிய பம்

மூடியைத் திறந்ததும் பால்மாவின் இனித்த வாசமும் மருந்தின் கசந்த வாசமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவிலிருந்த வேலிக் கதியாலில் தொங்கிய அந்தப் பால்மாப் "பேணி"த் தகரத்துக்குள்தான், இரண்டு வீட்டு மூச்சுக்கும் பொதுவான, வாயில் வைத்து மருந்தை உள்ளிழுக்கும் ஒரேயொரு "பம்" இருந்தது.

பக்கத்து வளவில் தனியாக இருந்த பூமணி மாமி, ஐயாவின் ஒன்றுவிட்ட தங்கை. இருவருக்கும் பரம்பரை "முட்டு" எனும் மூச்சிழுப்பு வருத்தம், அதைவிடப் பெரிய பரம்பரைப் பிடிவாதம். வேலி அடைத்தபோது ஐயா கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று மூண்ட சண்டையில், ஆள் புகுந்து போய்வருகிற "பொட்டு" எனும் வேலி இடைவெளியையும் ஓலை வைத்து அடைத்துக் கதைபேச்சையும் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு மாமி ஐயாவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தன் ஆட்டுக்குச் சொல்லுவார். ஐயா மறுமொழியை எங்கள் மாட்டுக்குச் சொல்லுவார். பாவம், அந்த வாயில்லாச் சீவன்கள் கேட்ட ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை.

பொருளாதாரத் தடையால் மருந்துக்கடைகள் வெறுமையாய்க் கிடந்த காலம். மாமியின் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பம், கடலேரி கடந்து வந்த ஒருவரின் உடுப்புப் பைக்குள் ஒளிந்து வந்து சேர்ந்திருந்தது. புகையிலைக்குப் புகை போட்டுவிட்டு வந்த ஐயா ஒருநாள் முற்றத்தில் குந்தி, நெஞ்சு இழுக்க இழுக்க, கண் பிதுங்கிப்போனார். அம்மா முதுகைத் தடவியபடி அழத் தொடங்க, வேலி ஓலை சரசரவென்று பிரிந்தது. ஒரு கை பம்மை நீட்டியது.

"எடி ஆடே, உந்த மனிசனை ஆறுதலாய் உள்ளுக்கு இழுக்கச் சொல்லு."

ஐயாவுக்கு மூச்சு திரும்பியது. அடுத்த நாளே பேணி கதியாலில் தொங்கியது. அதற்குப் பிறகும் கதை இல்லை. ஆனால் ஐயா, அவளுக்கு வேண்டும் என்று, இழுப்பு முற்றும்வரை அதைத் தொடமாட்டார், மாமியும் அப்படித்தான்.

ஆமி நெருங்குகிறதென்று ஐப்பசி மழைக்குள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து நடந்த அன்று, அம்மா காணி உறுதிப் பத்திரத்தையும் அரிசியையும் சைக்கிளில் கட்ட, ஐயா வேலியடிக்குப் போனார். பம்மை எடுக்கப் போகிறார், மாமி என்ன செய்வார் என்று நானும் பின்னால் ஓடினேன். மாமியும் அங்கேதான் நின்றார். பேணியை யாரும் தொடவில்லை.

"நீ கொண்டு போ அண்ணை," என்றார் மாமி, ஆட்டைப் பாராமல். "நான் வரேல்லை."

"பம் ஒண்டுதான் கிடக்கு. ரெண்டு பேரும் ஒண்டாய்த்தான் போகவேணும். வெளிக்கிடு பூமணி."

மாமி ஆட்டை அவிழ்த்துவிட்டார். அதன்பிறகு கதைக்க அவருக்கு ஐயாவைத் தவிர வேறு ஆளில்லை. பேணி சைக்கிள் கைபிடியில் ஆட, "இழு அண்ணை", "இப்ப நீ இழு" என்று ஆளையாள் அதட்டியபடி இருவரும் தென்மராட்சி வரை நடந்தார்கள்.

இருவரும் இப்போது இல்லை. முட்டு எனக்கு வந்திருக்கிறது. கைப்பையில் ஒரு பம், வேலையிடத்து மேசை லாச்சியில் இன்னொன்று. சென்ற வருடம் ஊருக்குப் போனேன். வேலி நின்ற இடத்தில் ஆளுயர மதில். முட்டு வர, மதிலடியில் நின்று பம்மை இழுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரோ விடாமல் இருமினார்கள். கையை நீட்ட ஒரு பொட்டு இருக்கவில்லை.