சைக்கிள்காரருக்காகப் போன தந்தி

"ஆடி அமாவாசைக்கு மறுநாள். காலை 11.20. கணக்கு டீச்சர், ஒரு தந்தி." என் நாட்குறிப்பில் உள்ள வரி இது. ஆண்டு இருந்த ஓரம் கிழிந்துவிட்டது; அறுபதுகளின் நடுப்பகுதி என்று மட்டும் சொல்லலாம். அப்போது நான் செஞ்சி அஞ்சலகத்தில் தந்தி எழுத்தர். டீச்சர் இன்று பெயர்பெற்ற நாவலாசிரியர். அன்று சென்னை வார இதழ் ஒன்றில் அவருடைய முதல் தொடர்கதை வந்துகொண்டிருந்தது.

அதில் காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் வாடகை சைக்கிள் கடைக்காரர் ஒருவர் வருவார். எங்கள் கடைத்தெருவில் அப்படி ஒருவர்தான் இருந்தார். கதையில் அவர் காய்ச்சலில் விழுந்ததும், ஊரே கடைக்குப் போய் நலம் விசாரித்தது. "இன்னாண்ணே, அடுத்த வாரம் தாங்குவியா?" என்று கிண்டல் வேறு.

அன்று டீச்சர் அஞ்சலகத்தில் இருப்பது தெரிந்து, கடைக்காரர் அங்கேயே தேடி வந்துவிட்டார்.

"என்னைக் கொன்னுடாதீங்க டீச்சர். எம் பொஞ்சாதி தாலியப் புடிச்சிக்கினு அழுவுது. மூணு நாளா சோறு எறங்கல அதுக்கு."

டீச்சர் முகம் வெளுத்தது. கதையில் சைக்கிள்காரர் இறக்கும் அத்தியாயம் முந்தின நாளே தபாலில் போயிருந்தது. படிவத்தை வாங்கி, "சைக்கிள்காரரைக் கொல்ல வேண்டாம்" என்று இதழாசிரியருக்கு எழுதினார்.

"தயவுசெஞ்சின்னு ஒண்ணு சேத்துக்கங்க."

"என் கதைதானேண்ணே, நான் எதுக்குக் கெஞ்சணும்?"

"உசுரு என்னுதாச்சே!"

சேர்த்தார். அனுப்பினேன். மறுமுனையில் தந்தியை வாங்கிய திண்டிவனம் எழுத்தர் மூன்று முறை திருப்பிக் கேட்டார், கடைசியில், "போலீசுக்குச் சொல்லணுமா?" என்றார்.

அடுத்த இதழ் வந்த காலையில், பஸ்ஸின் மேலிருந்து இதழ்க் கட்டு இறங்கும் முன்பே மூவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். டீச்சர் பிரித்தார். கதையில் சைக்கிள்காரர் கண் திறக்கிறார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை, "பம்ப எவன் எடுத்துக்கினு போனான்?" என்கிறார். கடைக்காரர் துள்ளினார். "தெனமும் நான் கத்தறதுதானே இது! அப்படியே புடிச்சிட்டீங்களே!" மனைவிக்குக் காட்ட இதழைப் பிடுங்கிக்கொண்டு, காலைத் தாங்கியபடியே ஓடினார்.

"சார், அவர் கண் திறக்கிற அந்த நாலு வரி நான் எழுதலை," என்றார் டீச்சர், மெல்ல. "நான் சாவைத்தான் எழுதினேன்."

வாசகர் கடிதங்கள் குவிந்தது அந்த நான்கு வரிக்குத்தான். கதை புத்தகமானபோதும் அவர் அவற்றை மாற்றவில்லை. பிறகு வந்த நாவல்களிலும் அவருடைய மனிதர்கள், அழ வேண்டிய இடத்தில் எதையாவது தேடிக்கொண்டிருப்பார்கள். "எழுதக் கத்துக்கிட்டதே அங்கதான்," என்பார். அவற்றை எழுதியது யார் என்று டீச்சரும் நானும் இதழுக்குத் தனித்தனியே எழுதிக் கேட்டோம்; பதில் இல்லை. இதழும் நின்றுபோயிற்று. அந்த நான்கு வரியை எழுதியவர் இதழாசிரியரா, மெய்ப்புப் பார்த்தவரா, அச்சுக் கோத்தவரா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.