மாமா அனுப்பியதாகச் சொன்ன ஷூ

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் தெரு ஒரு சாவையே மறைத்தது. செத்தது என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. சிங்கப்பூரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்துவிட்டார். மறைத்தது அம்மாவிடம். அப்போது அவளுக்கு ஏழு மாதம். எனக்குப் பிறகு உண்டான இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. இதுவாவது தங்க வேண்டுமென்றால் அதிர்ச்சியான சேதி எதுவும் அவள் காதில் விழக்கூடாது என்று பெரம்பலூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் தாய் தகப்பன் கிடையாது. அவரைத் தூக்கி வளர்த்ததே அம்மாதான். திருச்சி வந்து இறங்கிய உடலை உடையார்பாளையம் பக்கம் அவர் ஊருக்கே கொண்டுபோய் எரித்துவிட்டு, வெங்காயம் விற்கப் போனேன் என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா. எனக்கு விஷயம் தெரியும் என்பதால் பெரியப்பா என்னை மாட்டுக்கொட்டகைக்கு இழுத்துப்போய், "அம்மாகிட்ட மூச்சு விட்டே, நாக்குல சூடு போட்டுருவேன்" என்றார். பதினோரு வயதில் ஒருத்திக்கு நாக்கு எவ்வளவு முக்கியம்! நான் வாயையே திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிற மாமாவின் போன் நின்றுபோனது. லைன் கோளாறு என்றார்கள். அம்மா தெருவில் இறங்கினால் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டு, எல்லோருமாக அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவோடு பேச்சுவார்த்தையே இல்லாத சண்டைக்காரிகூடச் சிரித்தாள்.

இப்படியே விட்டால் அம்மா சந்தேகப்படுவாள் என்று பெரியப்பா ஒரு யோசனை செய்தார். எங்கள் வீட்டில் யோசனை செய்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். மாமாவோடு வந்த துணிமணிகளைச் சுடுகாட்டிலேயே போட்டுவிட்டார்கள். ஷூவை மட்டும் எறியப் பெரியப்பாவுக்கு மனசு வரவில்லை. சாம்பல் நிறம், பக்கத்தில் நீலக் கோடு, கையில் எடுத்தால் கனமே தெரியாது. மாமா பள்ளிக்கூடத்திலிருந்தே ஓட்டக்காரர். அங்கேயும் வேலை முடிந்து ரோட்டில் ஓடுவதற்கென்று வாங்கியது அது. ஓட, நடக்க, கடைக்குப் போக, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் என்று போனில் பெருமையடித்திருந்தார். பெரியப்பா அதைச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் தேய்த்துக் காயப்போட்டார். டவுனில் ஒரு கடையில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, அதில் வைத்து அம்மாவிடம் கொடுத்தார்.

"இந்தாம்மா, ஒந்தம்பி புள்ளைக்கு அனுப்பிருக்கான். லீவுல வந்த பையன் ஒருத்தன் குடுத்துட்டுப் போனான்."

அம்மா ஷூவைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். உள்ளே கையை விட்டாள். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "போட்டுப் பாரு" என்றாள்.

செத்தவர் ஷூ! ஓடிப்போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் பெரியப்பா கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வயதுக்கு மீறிய வாத்துக்கால், மாமாவுக்கோ சின்னப் பாதம். விரல் பக்கம் பழந்துணியை அடைத்ததும் ஷூ கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"தெருவுல ஓட வேணாம். பஸ் ஸ்டாப்புக்குப் போயி, அங்கேர்ந்து வூட்டுக்கு ஓடியா" என்றாள் அம்மா.

நல்ல உச்சி வெயில். அந்த நேரத்தில் எங்கள் ஊர்த் தார் ரோட்டில் வெறுங்காலை வைத்தால் கொப்புளம்தான். ஷூவுக்குள் சூடே ஏறவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள்கூட எங்கோ ஒதுங்கிவிட்டன. ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஓட ஆரம்பித்தேன். மெத்தையில் மிதிப்பது போலத்தான் இருந்தது முதலில். கொஞ்ச தூரத்தில் இடது கால் தானாக உள்பக்கம் சாய்ந்தது. நேராக வைத்துப் பார்த்தேன். மறுபடியும் சாய்ந்தது. மாமா ஓடினால் இடது கால் அப்படித்தான் உள்ளே விழும். அதைச் சொல்லித் தெருவே அவரைக் கேலி செய்யும். ஓடி ஓடி ஷூவின் அடியை அந்தப் பக்கம் அவர் தேய்த்து வைத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, என் காலை வேறு யாரோ தூக்கி வைக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அழுதுகொண்டே ஓடினேன்.

அம்மா வாசற்படியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். என் காலடிச் சத்தம் வாசலுக்கு வந்ததும், கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டியா தம்பி? தண்ணியக் குடி" என்றாள்.

லீவில் வரும்போதெல்லாம் மாமா பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடித்தான் வருவார். நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. தண்ணீரைத் தொடவே பயமாக இருந்தது.

அதன் பிறகு தினமும் மத்தியானம் இதே கூத்து. நான் ஓடுவேன், அம்மா கண்ணை மூடிக்கொண்டு தம்பியை வரவேற்பாள். மாமா ஷூ வழியாக வந்து அம்மா மேல் ஏறிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். ராத்திரி அவள் பக்கத்தில் படுப்பதில்லை. அப்பாவிடம் சொன்னதற்கு, "அவ இப்பத்தான் ரெண்டு வாய் கூடச் சாப்புடுறா. பேசாம ஓடு" என்றார். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஷூ எப்புடி வேல செய்யுது!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கிசுகிசுத்தார்.

ஆண் குழந்தை பிறந்தது. கறுப்பாக, கொழுகொழுவென்று, ஊரைக் கூட்டுகிற குரலோடு. அம்மாவுக்கு உடம்பு தேறியதும் ஒரு நாள் பெரியவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒந்தம்பிக்கு அங்க கொஞ்சம் ஒடம்பு சரியில்லன்னு…"

பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் கேட்டாள்.

"கொள்ளி யாருங்க வச்சது?"

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "நாந்தான்" என்றார்.

"எரிச்சீங்களா, பொதச்சீங்களா?"

"எரிச்சோம்."

எப்படித் தெரியும் என்று கடைசியில் பெரியப்பாதான் கேட்டார். "உயிரோட இருக்குறவன் புதுசு வாங்கி அனுப்புவான். கால்ல கெடந்தத தொவச்சா அனுப்புவான்?" என்றாள் அம்மா. "அன்னைக்கே தெரியும். நான் அழுதா, இதுவும் வயித்துலயே போயிருமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

அப்போதும் அவள் அழவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டி, தொட்டிலில் கிடத்தி, நன்றாகத் தூங்கிவிட்டானா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு கொல்லைப்பக்கம் போனாள். அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியொரு சத்தம் அம்மாவிடமிருந்து நான் கேட்டதே இல்லை. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் மட்டும் பயப்படவில்லை. பேய் உடம்பைவிட்டு இறங்கும்போது அப்படித்தான் அலறும், கோயிலில் பார்த்திருக்கிறேன். அப்பாடா, அம்மாவை விட்டுப் போய்விட்டது என்று தொட்டிலை ஆட்டிக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.