‘சம்மதம்’ அழுத்தாத ராஹேரா

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து ராஹேரா உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார். ஏதோ ஒரு மென்பொருளின் நிபந்தனைகள்: பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று. மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர்கள் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“யாருக்காச்சும் எதுனா புரிஞ்சுதா?”

ஒரு கிழவர் தன் முறை எப்போது வரும் என்று கேட்டார்.

“அப்ப கூட்டம் போட்டுற வேண்டியதுதான்.”

நியூசிலாந்தின் ஹொக்கியாங்கா கரையில் மாவோரி குலத்தார் நடத்தும் சின்ன மருத்துவமனையில் கணினிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. ஊர் உலகமே கண்ணை மூடிக்கொண்டு ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டுப் போகிறதே, அந்தப் பெட்டியை அவர் படிக்காமல் அழுத்தியதே இல்லை. கேட்டால், 1840-ல் மாவோரிகள் வெள்ளைக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் போய்விடுவார். “எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஒண்ணும் ஏமாளி இல்ல. மாவோரியில இருந்ததக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு. இங்கிலீஷ்ல வேற மாதிரி எழுதி வச்சிருந்தானுங்க. நெலம் போச்சு.”

ஒருமுறை, மழை வருமா என்று சொல்லும் செயலி ஒன்றுக்காக குலத்தாரின் பொதுவிடமான மராய்க் கூடத்தில் ஊரையே கூட்டினார். ஒரு குற்றமும் அகப்படவில்லை. பொரித்த ரொட்டி தீர்ந்ததுதான் மிச்சம். கூட்டம் முடிவதற்குள் அந்த மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது.

இந்தக் குளிர்காலத்தில் வேடிக்கை முற்றிவிட்டது. நோயாளிகளின் விவரம் வைத்திருந்த பழைய மென்பொருள் ஒரேயடியாகப் படுத்துக்கொண்டது. புதியது வந்து இறங்கி, ஒரு சம்மதத்துக்காகக் காத்துக் கிடந்தது. ஊரெல்லாம் இருமல். யாருக்கு எப்போது நேரம் என்பதை நர்ஸ் ஹூயா உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கை கழுவியதும் தொலைத்தாள். ஒரே நேரத்துக்கு வந்துவிட்ட இரண்டு பெரியவர்கள் ஊன்றுகோலை ஓங்கிக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள்.

“அத்தை, அந்தக் கருமத்த அழுத்தித் தொலைங்களேன்! சனம் இருமியே செத்துடும்போல இருக்கு” என்று ஹூயா கத்தினாள்.

“செத்தாலும் நம்ம விவரம் அவனுங்ககிட்டயே இருக்குமாம்டி. பிரிவு இருபத்தாறு.”

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் ராஹேராவுக்குப் பயம். அழுத்தாமல் இருந்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் பழி அவர் தலையில் விழும். அழுத்திவிட்டு, நாளை ஊர்ப் பிள்ளைகளின் வம்சாவளியும் வியாதியும் எந்த நாட்டிலோ விலைபோனாலும் அதே தலையில்தான் விழும். இரண்டு ராத்திரியாகப் பிரிவு இருபத்தாறையே திரும்பத் திரும்பப் படித்தார்.

சம்மதம் வராததைக் கண்டு, மென்பொருள் நிறுவனம் ஆக்லாந்திலிருந்து ஹேமிஷ் என்பவனை அனுப்பியது. மாவோரி முறைப்படி மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்று, பாட்டுப் பாடி, டீ கொடுத்த பிறகுதான் ராஹேரா அவனுக்குக் கணினி இருக்கும் அறையைக் காட்டினார். அவன் பளபளப்பான கையேடு ஒன்றை விரித்தான். ‘மாவோரிகளோடு போட்ட ஒப்பந்தத்தின் கொள்கைகளே எங்கள் உயிர்மூச்சு: கூட்டு, பங்கேற்பு, பாதுகாப்பு.’

“நல்லாத்தான் இருக்கு ராசா. இந்தக் கையேட்டுல நாங்க கூட்டாளி. பிரிவு இருபத்தாறுல ‘எங்கும் வைப்போம், எவருக்கும் தருவோம், முன்கூட்டிச் சொல்ல மாட்டோம்’னு இருக்கே. ரெண்டையும் ஒரே ஆளா எழுதினான்?”

ஹேமிஷின் காது சிவந்தது. “அத இதுவரைக்கும் யாரும் படிச்சதில்லைங்க. நானே படிச்சதில்ல.”

“இப்பப் படி. டீ நெறைய இருக்கு.”

படித்தான். எழுந்து வெளியே போய் மேலிடத்தோடு போனில் மன்றாடினான், கத்தினான், மறுபடி மன்றாடினான். சாயங்காலம் பிரிவு இருபத்தாறு திருந்தி வந்தது: விவரங்கள் நாட்டை விட்டுப் போகாது, எதற்கு எடுப்பதானாலும் முதலில் குலத்தாரைக் கேட்க வேண்டும்.

ராஹேரா முதல் பிரிவிலிருந்து திரும்பப் படிக்க ஆரம்பித்தார். ஹூயா தலையில் அடித்துக்கொண்டாள்.

படித்து முடித்தும் அவர் அழுத்தவில்லை. ஹேமிஷின் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து மவுஸின் மேல் வைத்தார். அதன்மேல் தன் விரலை வைத்தார். “கூட்டுன்னியே, சேந்தே அழுத்து.” சேர்ந்தே அழுத்தினார்கள். திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. ஹூயா முதல் நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள். ராஹேரா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அழுத்திய பிறகும் பிரிவு இருபத்தாறு மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாகப் படித்து முடிக்கும்வரை ஹேமிஷின் விரலை விடவில்லை.