மூலை சாரின் கட்டைகள்

“காலைத் தூக்க முடியாதும்மா. தூக்கினா உடம்பு ஆடும், உடம்பு ஆடினா கை தப்பும், கட்டை எங்கயோ போய் விழும். இந்த இடத்தை மட்டும் விட்டுட்டுத் துடைங்க, ஒண்ணும் முழுகிப் போயிடாது.”

என்னிடம் இப்படி எரிந்து விழுந்தவர், மூன்றாவது மாடியில் கழிப்பறைக் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த மூலை சார். அந்தப் பெயர் நான் வைத்தது. நானும் சும்மா விடவில்லை. ஐம்பது வயது ஆம்பளை கம்ப்யூட்டரில் சின்னப் பிள்ளை மாதிரி கட்டை அடுக்கிக்கொண்டிருப்பார், மாப்புக் குச்சியோடு நான் கால் கடுக்க நிற்க வேண்டுமா என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

“விளையாட்டுன்னு யார் சொன்னா? எட்டு மணி நேரம் இதான் என் வேலை.”

குத்தலாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே அதுதான் அவருக்கு வேலை.

லாரியில் உடைந்துபோன சரக்குக்கு நஷ்டஈடு கேட்டு வரும் தாள்களை அவர் பத்தொன்பது வருஷம் சரிபார்த்தவர். அந்தப் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பதினொரு பேர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் எழுதவில்லை. கம்பெனியே அனுப்பினால் கோர்ட், கேஸ் என்று இழுக்கும். தானாகப் போகட்டும் என்று மேனேஜர் அவருடைய மேஜை போனைப் பிடுங்கினார், ஃபைலைப் பிடுங்கினார், மேஜையைக் கழிப்பறைப் பக்கம் தள்ளினார். கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைத்தார். அதில் ஒரு கண்ணி இருந்தது. திரையின் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரியும். ஐந்து நிமிஷம் கை அசையாவிட்டால் அது சிவப்பாகிவிடும். அரை மணி நேரம் சிவப்பாகவே கிடந்தால் அன்றைக்கு அவர் ஆபீசுக்கு வரவே இல்லை என்று கணக்கு. மாதத்தில் மூன்று நாள் அப்படி விழுந்தால் கேள்வி கேட்காமல் அனுப்பிவிடலாம்.

செய்வதற்கு ஒரு துரும்பு வேலை கிடையாது, ஆனால் கை ஓய்ந்திருக்கக் கூடாது. முதலில் ஒரே கடிதத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாராம். பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்ததாம். இன்டர்நெட்டில் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தார்கள், இந்தக் கட்டை விளையாட்டை மட்டும் யாரும் பூட்ட நினைக்கவில்லை. மேலிருந்து கட்டை இறங்கும், திருப்பித் திருப்பி இடுக்கில் சொருக வேண்டும், ஒரு வரிசை நிறைந்தால் மறைந்துபோகும். அவ்வளவுதான். எட்டு மாதமாக அதையே ஆடினார். தூக்கத்தில் கட்டை விழுகிறது என்றார். கழிப்பறைச் சுவர் ஓடுகளைக்கூட மனசுக்குள் அடுக்கிப் பார்ப்பாராம்.

மானங்கெட்ட மனுஷன் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர் சம்சாரத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டில்தான் அது நடக்கிறது. வேலை போனால் கார்டு போகும், கார்டு போனால் அந்தம்மா பத்து நாள் தாங்காது. அந்தப் பச்சைப் புள்ளி எரிகிற வரைக்கும்தான் அவள் உயிர். அதற்குப் பிறகு அவர் காலடியை நான் கடைசியாகத்தான் துடைப்பேன்.

அன்றைக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அவருடைய செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொழுந்தியாள். அக்காவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வாங்க மாமா என்று அவள் அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. இவர் எழுந்திருக்கவில்லை. லீவெல்லாம் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கே கரைந்துவிட்டது. அந்த மாதம் இரண்டு நாள் சிவப்பு விழுந்தாயிற்று. இப்போது போனால் மூன்றாவது. அவள் பிழைத்துக்கொண்டால் நாளைக்குக் கார்டு வேண்டுமே என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் செத்தபோது நான் இதே மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடிகாரருக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் இந்த ஆள் சாகிற வரைக்கும் அழுவார் என்று எனக்குத் தெரியும். மாப்பைச் சுவரில் சாய்த்தேன்.

“எழுந்திருய்யா முதல்ல. நான் தட்டறேன். பேரெழுதத் தெரியாட்டா என்ன, நாலு கட்டைய அடுக்கத் தெரியாதா எனக்கு?”

எழுந்தார். நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார். செருப்பையோ பையையோ மறந்துவிட்டார் போல என்று பார்த்தேன்.

“இடது ஓரத்தை மட்டும் அடைச்சுடாதீங்கம்மா. நீளக் கட்டை வரும், அதுக்கு வேணும்.”

சம்சாரம் சாகக் கிடக்கிறாள், இந்த ஆள் அதைச் சொல்வதற்காகத் திரும்பி வந்தார்.

அந்த நாற்காலிக்கு முதுகு உயரம், நான் குள்ளம். மேனேஜர் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய்வந்தார். தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கடந்து போனார். முதல் ஐந்தாறு ஆட்டம் நிமிஷத்தில் முடிந்தது. அப்புறம் பிடிபட்டது. ஒரு வரிசை மறைந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஒளிப்பானேன். வாளித் தண்ணீர் அப்படியே கிடந்தது. அந்தம்மாவை நான் ஒரு மணி நேரம் நினைக்கவே இல்லை.

ஐந்தரை மணிக்கு அவர் வந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது.

“எதுக்குச் சார் வந்தீங்க?”

“சாயங்காலம் கைரேகை வைக்கணும்ல.”

வீட்டம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். இவர் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விட்டாளாம். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“இடது பக்கத்தை அடைச்சுட்டீங்களேம்மா.”

அன்றைய கணக்கில் பச்சைப் புள்ளி ஒரு நிமிஷம்கூட அணையவில்லை. அவள் செத்த நேரத்தில் அவர் இடத்தை விட்டு அசையவே இல்லை என்றுதான் கம்பெனியில் எழுதியிருக்கும். வெளியே போய் வாசல் கருவியில் விரலை வைத்தார். அது கூவியது. அப்படியே சுடுகாட்டு வேலை பார்க்கப் போனார்.

காரியமெல்லாம் முடிந்து, சாவுக்கு மட்டும் கம்பெனி கொடுக்கிற சம்பளமில்லாத லீவில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். நானே பக்கத்தில் போய்ச் சொன்னேன். கார்டு எதற்கு இனிமேல், ராஜினாமாவை எழுதி மேனேஜர் மூஞ்சியில் விசிறிவிட்டு வெளியே போங்கள், காற்றாவது படட்டும் என்றேன். அவர் அந்த ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

“வீட்டுக்குப் போய் என்னம்மா பண்ணுவேன்? அங்க இது இல்லையே.”

திட்டினேன். நாறப்பேச்சுதான் பேசினேன். கட்டை இறங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் நான் வாளியோடு போனபோது மேஜைக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருந்தது. அவர் இரண்டு காலையும் அதன் மேல் வைத்திருந்தார். இனிமேல் காலைத் தூக்கச் சொல்ல வேண்டாம்மா, தாராளமாகத் துடைச்சுக்கோங்க என்றார். தரை துடைக்கிற எனக்காக வாங்கினாராம், மகராசன். எத்தனை நாளைக்கு இங்கேயே உட்காரப் போகிறார் என்று கேட்க வாய் வரவில்லை. எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

நூற்றி எண்பது.