ரயில் போன மாலை

சென்னையில் எங்கள் இயற்பியல் துறையில் அப்போது நான் ஒருத்திதான் பெண். திரவத்துக்குள் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பது என் ஆய்வு. இருட்டறையில் கண் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன். பிறகு கண்ணாடிக் குடுவைக்குள் நீலக்கோடு ஒன்று மெல்லத் தெரியவரும். ஜெபத்தில் இருப்பதுபோல் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு விடுமுறையில், கன்னியாஸ்திரியாகியிருந்த பள்ளித்தோழியைப் பார்க்கத் திருப்பூர் வந்தேன். ஊர் திரும்பவேண்டிய அன்று அவளோடு நெருப்பெரிச்சல் பகுதியில் பனியன் தொழிலாளர்கள் குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளுக்குப் போனேன். அவள் நோயாளி ஒருவரைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஓடிவந்து, வாசலில் நின்ற என்னிடம் கைக்குழந்தையை நீட்டினாள்.

“பாத்துக்கிடுத ஆச்சிக்குக் காய்ச்சல்க்கா. செத்த வச்சிருங்க, ஷிப்ட் முடிஞ்சதும் ஓடியாந்துருதேன்.”

நான் யாரென்றுகூட அவள் கேட்கவில்லை.

குழந்தை என் விரலைப் பிடித்தபடியே மடியில் தூங்கிப்போனது. பக்கத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டின் சத்தம் மழைபோல் விடாமல் கேட்டது. வெயிலில் பஞ்சுத்துகள்கள் மிதந்தன. லைன் வீட்டுக்காரம்மா பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். என் ரயிலைப் பற்றித் தோழி சொல்லியிருக்க வேண்டும்.

“ஏனுங்க, உங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சுங்களே?”

“போனாப் போகுதுங்க.” சொன்னது நான்தானா என்றிருந்தது.

தாய் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. “இன்னும் இங்கனயேவா இருக்கீக?” என்று அழுதேவிட்டாள்.

“நாளைக்கு யார்கிட்ட விடுவ?”

அவள் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். மறுநாளும் இருந்தேன்.

சென்னை திரும்பி, ஆய்விலிருந்து விலகப்போவதாகச் சொன்னதும் பேராசிரியர் கோபப்படவில்லை.

“அங்க போய் என்னம்மா செய்வ?”

“பிள்ளைங்களப் பாத்துக்குவேன் சார்.”

கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கித் தந்தார். பாதியில் விட்ட ஆய்வு நெடுநாள் உள்ளே வலித்தது. அதை மறைக்க மாட்டேன்.

தோழியின் சபையில் சேர்ந்தேன். லைன் வீடுகளுக்கு அருகிலேயே குழந்தைகள் காப்பகம் ஒன்று தொடங்கினோம். அந்தத் தாய் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, மகளோடு ஊருக்கே போய்விட்டாள்.

இப்போது வருவதெல்லாம் பீகார், ஒடிசாப் பிள்ளைகள். எனக்குத் தெரிந்த இந்தித் தாலாட்டு ஒன்றே ஒன்று. தப்பும் தவறுமாகத்தான் பாடுவேன். அழைத்துப்போக வரும் அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிள்ளைகளோ, எப்போதோ தூங்கியிருக்கும்.